தொடை எலும்பில் ஒரு எல்லைக்கல்

டாக்டர் என்னிடம் மூன்று முறை கேட்டார், வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று. மாத்திரை, லேகியம், சூரணம், எதுவானாலும் சொல்லுங்கள் என்றார். மூன்று முறையும் இல்லை என்றேன். தெரிந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. அண்ணாமலையார் அறிய இதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு எவ்வளவு, அடுத்தவர் பங்கு எவ்வளவு என்று எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

நான் எட்டாவது தாண்டாதவன். நில அளவையில் சங்கிலி பிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சர்வேயர் புலப்படத்தை விரித்துக்கொண்டு நிழலில் நிற்பார். நான் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வரப்பு, முள், சேறு எல்லாம் தாண்டிப் போவேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் நான் மிதிக்காத கொல்லை கழனி கம்மி. அளப்பதற்கு முன்னால் எல்லைக்கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையில் கல் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். கடப்பாரையால் குத்திக்கொண்டே போவேன். மண்ணில் பட்டால் ஒரு சத்தம், கல்லில் பட்டால் ஒரு சத்தம். கல் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். அந்தக் கல்லை யாராவது நைசாக நகர்த்தி வைத்திருந்தால், நாம் எவ்வளவு சுத்தமாக அளந்தாலும் அத்தனையும் தப்பு. அது தப்பு என்றுகூட நமக்குத் தெரியாது.

பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவேன். பதினாலு வருஷம் அப்படி நடந்தேன். மழை, காய்ச்சல், மகள் பிரசவம், எதற்கும் விட்டதில்லை. மத்தியானம் வேலையை முடித்துக்கொண்டு நாலு மணி வெயிலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்புவேன். முதல் வருஷம் ஒரு நாள் மலை ஓரமாக, ரோட்டின் வலது பக்கமே போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒருவர் என் கையைப் பிடித்து இடது ஓரத்துக்கு இழுத்தார். வலது பக்கம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடக்கிற வழி, மனுஷன் இடது ஓரமாகத்தான் போக வேண்டும் என்றார். அன்று முதல் இருவரும் சேர்ந்தே நடந்தோம்.

அவர் கிரிவலப் பாதையிலேயே இருக்கும் அடி அண்ணாமலை ஊர்க்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அவரை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்து, அது நிஜமாகவே ஆகிவிட்டது. என் மகள் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது பெரியப்பா முறையில் உட்கார்ந்தது அவர்தான். வயசுக் காலத்தில் வெளியூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தாராம். பிறகு சொந்த ஊருக்கே வந்து கிரிவலப் பாதையில் சூடம், ஊதுவத்தி, எலுமிச்சை ஜூஸ் என்று ஒரு கடை போட்டார். கடையை இப்போது அவர் மகன் பார்க்கிறான். இவர் நெற்றி நிறைய விபூதியோடு கடைப் பக்கத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார். போகிற வருகிறவர்கள் சாமி என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவருக்கு அது பிடிக்கும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வேலையில் கடைசி வருஷம் எனக்கு முட்டி வலி வந்தது. நாற்பது வருஷம் வரப்பு ஏறி இறங்கிய முட்டி, வலிக்காமல் என்ன செய்யும். ஒரு பௌர்ணமி, வருண லிங்கம் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் நடக்க முடியாதோ என்று அவரிடமே கேட்டேன். அண்ணா என்னைக் கைத்தாங்கலாகத் தன் கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், உள்ளே இருந்து சின்னச் சின்னப் பொட்டலமாக முப்பது கொண்டுவந்து கொடுத்தார். விபூதி மடிக்கிற மாதிரியே பழைய காலண்டர் தாளில் மடித்திருந்தது. மலையில் ஒரு வேர், தனக்குக் கனவில் காட்டப்பட்டது என்றார். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, நன்றாகச் சாப்பிட்ட பிறகு ஒன்று வாயில் போட்டுத் தண்ணீர் குடி, அடுத்த பௌர்ணமிக்கு வந்து வாங்கிக்கொள் என்றார். காசு எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார். கடைசி வரைக்கும் ஒரு பைசா வாங்கவில்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அதைப் பூஜை அலமாரியில் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். தினமும் சூடம் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து போட்டுக்கொள்வேன். லேசாகக் கற்கண்டு ருசி. அதற்கு அடியில் ஒரு கசப்பு, நாக்கின் பின்பக்கம் வெகுநேரம் நிற்கும். மூன்றாம் நாள் மாடிப்படி ஏறி இறங்கினேன். வலி போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு நான் சாமி முன்னால் விழுந்து அழுததை என் வீட்டுக்காரி பார்த்தாள்.

பசி எடுத்தது. அப்படி ஒரு பசி வாலிபத்தில்கூட எனக்கு இருந்ததில்லை. ஆறு மாதத்தில் கன்னம் இரண்டும் உப்பி முகம் வட்டமாக ஆயிற்று. ரேஷன் கடையில், கோயிலில், பார்த்தவர்கள் எல்லாம் முகத்தில் தேஜஸ் வந்துவிட்டது என்றார்கள். பத்து வருஷத்துக்கு மேல் சுற்றினவன், வராமல் இருக்குமா என்று ஒருவர் என் காலையே தொட்டார். என் வீட்டுக்காரி மட்டும், தேஜஸ் எல்லாம் இல்லை, மாவு புளித்து இட்லி பொங்கின மாதிரி இருக்கிறது என்றாள். அந்தப் பொட்டலத்தில் என்னதான் இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“சாமி குடுத்ததப் போயி இன்னா ஏதுனு கேப்பியா?” என்றேன்.

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. மூன்று வருஷம் சாப்பிட்டேன்.

குபேர லிங்கம் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார், ஓர் ஆள் நுழைகிற இடுக்குதான் கோயில். குனிந்து உள்ளே போய், ஒருக்களித்துப் படுத்து, தோளை இழுத்து இழுத்து முன்பக்கம் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு பௌர்ணமியும் நுழைந்து வந்த வழிதான். அந்த மூன்றாம் வருஷம் ஒரு பௌர்ணமியன்று பாதி வழியில் வலது காலை மடக்கியபோது, தொடையும் அடிவயிறும் சேர்கிற இடத்தில் கத்தி சொருகின மாதிரி இருந்தது. அசைய முடியவில்லை. பின்னால் காத்திருந்த பையன்கள் சிரித்தார்கள். தொப்பை மாட்டிக்கிச்சா பெரியவரே, உள்ளேயே குடித்தனம் போட்டுட்டியா என்றார்கள். முன்னால் நின்ற அண்ணாதான் கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார். வாயு பிடித்திருக்கிறது என்றார். இனிமேல் காலை ஒன்று, மாலை ஒன்று என்று அறுபது பொட்டலமாகக் கொடுத்தார்.

ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு தரையில் சம்மணம் போட முடியவில்லை. பிறகு நொண்ட ஆரம்பித்தேன். மகள்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

டாக்டருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். பொறுமையான மனிதர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, நான் என்ன வேலை பார்த்தேன் என்று விசாரித்தார். சொன்னேன். அப்படியானால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும் என்று பேனாவை எடுத்துக் காட்டினார். தொடை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி இருப்பது தலை, அது இடுப்பெலும்பின் கிண்ணத்தில் உட்கார்ந்து சுழல்கிறது. தலைக்குக் கீழே கழுத்து. கழுத்து முடிகிற இடத்தில் வெளிப்பக்கம் ஒரு பெரிய முடிச்சு. ஒருக்களித்துப் படுத்தால் பாயில் அழுந்துமே, அதுதான். உள்பக்கம், சற்றுக் கீழே, ஒரு சின்ன முடிச்சு. அதை வெளியிலிருந்து தொட முடியாது, தசைக்குள் புதைந்திருக்கும். என் படத்தில் இரண்டு முடிச்சும் நன்றாகத்தான் இருந்தன. தலை மட்டும் மேல்பக்கம் அமுங்கி, யாரோ மிதித்த டென்னிஸ் பந்து போல இருந்தது. அதற்கு ரத்தம் போகிற வழி அடைத்து, எலும்பு செத்துவிட்டது என்றார். இடது பக்கம் இன்னும் கெடவில்லை.

அப்போதுதான் முதல் தடவை கேட்டார், வேறு மருந்து உண்டா என்று. இல்லை என்றேன். குடிப்பீர்களா என்றார். நான் கழுத்தில் உருத்திராட்சம் போட்டிருக்கிறேன் என்று காட்டினேன். அவர் சிரிக்காமல், உருத்திராட்சம் போட்டுக்கொண்டு குடிக்கிறவர்களையும் எனக்குத் தெரியும் அய்யா என்றார். இந்த மாதிரித் தலை சாவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான், ஒன்று குடி, இன்னொன்று ஸ்டீராய்டு மருந்து, அதனால் கேட்கிறேன் என்று மறுபடியும் கேட்டார். இரண்டுமே இல்லை என்று மறுபடியும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னதை மகள் அப்படியே என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டாள். அடுத்த பௌர்ணமிக்கு ஆட்டோவில் அடி அண்ணாமலை வரை போய்விட்டு வந்தேன், பொட்டலம் வாங்க. திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரி வாசலிலேயே நின்று என் முகத்துக்குக் கிட்டே வந்து மோந்து பார்த்தாள். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள். நான் மலை சுற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடிக்கப் போகிறேனோ என்று நினைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். படித்த டாக்டர் இரண்டு காரணம் சொன்னார். அதில் ஒன்றாவது இருந்துதானே ஆக வேண்டும்.

அடுத்த முறை டாக்டர் மூன்றாவது தடவை கேட்டார். நான் இல்லை என்றேன். என் வீட்டுக்காரி முந்தானையில் முடிந்திருந்த பொட்டலத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். மூன்று வருஷமாக இதைச் சாப்பிடுகிறார், இது மருந்தா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை என்றாள்.

“அது மருந்து இல்ல சார், பிரசாதம்” என்றேன்.

இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அன்றைக்கு அதைத்தான் நம்பிச் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. பொடியை விரலில் தொட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மணிக்கட்டில் இருந்த நீலத் திட்டுகளைப் பார்த்தார். காலையில் எடுக்க வேண்டிய ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதன் முடிவில், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஒரு சுரப்பு எனக்கு அனேகமாக நின்றே போயிருந்தது. வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்ததால் உடம்பு வேலையை விட்டுவிட்டது, பொடியில் ஸ்டீராய்டுதான் இருந்திருக்கிறது என்றார். ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று, அதே மருந்தை அட்டை மாத்திரையாக எழுதிக் கொடுத்தார்.

அப்போதும் நான் முழுசாக நம்பவில்லை. வேரிலேயே அப்படி ஒரு குணம் இருக்கலாம் அல்லவா. மருந்துக்கடை வாசலிலேயே அட்டையைப் பிய்த்து ஒரு மாத்திரையை எடுத்தேன். சாப்பிட்ட வயிறுதான். விழுங்காமல் நாக்கில் வைத்தேன். கரைந்தது. கற்கண்டு இல்லை. அதைத் தவிர எல்லாம் இருந்தது. நாக்கின் பின்பக்கம் போய் நிற்கும் அந்தக் கசப்பு. மூன்று வருஷம் சூடம் காட்டிக் கண்ணில் ஒற்றிய கசப்பு. மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் வாங்கவில்லை.

வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார் என்றுதான் மனசு சொல்லிற்று. யாரோ அவரை ஏமாற்றியிருப்பார்கள், யாரோ மாத்திரையை அரைத்து வேர்ப்பொடி என்று அவருக்கு விற்றிருப்பார்கள். இப்படி அவருக்காக நானே வாதாடிக்கொண்டு, ஊன்றுகோலோடு ஆட்டோவில் அவரைப் பார்க்கப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கும் முட்டி வலி உண்டு, வருஷக்கணக்காக உண்டு. தைலம் தடவுவார், துணிப்பட்டை போட்டுக்கொள்வார். நடந்ததைச் சொன்னேன். பந்து செத்துப்போனதைச் சொன்னேன்.

“உனக்கு வலி போச்சா இல்லியா தம்பி?” என்றார்.

“போச்சுண்ணா.”

“அப்பறம் இன்னா?”

அவர் தைலம் தடவுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அது வாயில் வந்தது. யோசித்துக் கேட்டது இல்லை.

“நீங்க ஏன்ணா அத சாப்பிடறதில்ல? உங்களுக்கும் முட்டிதான?”

“எனக்கு சுகர் இருக்குதுப்பா” என்றார். சட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு தைலச் சீசாவின் மூடியைத் தேடினார். மூடி அவர் கையிலேயே இருந்தது.

எனக்கு அது புரியவில்லை. கசப்புப் பொடிக்கும் சர்க்கரை வியாதிக்கும் என்ன. கற்கண்டு கலந்திருப்பதால் சொல்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததும் என் வீட்டுக்காரியிடம், அவருக்குப் பாவம் ஒன்றும் தெரியாது என்றே சொன்னேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் வார்டுக்கு வந்தார். நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், திரும்பவும் மலை சுற்ற முடியுமா என்று. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். செத்த தலையை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் ஒரு தலை வைப்போம். எங்கே வெட்டுவது என்பதில்தான் விஷயம். கழுத்தில் ஜாஸ்தி வெட்டினால் கால் குட்டையாகும், கம்மியாக வெட்டினால் நெட்டையாகும். இரண்டு கால் சமமாக இல்லாவிட்டால் பதினாலு கிலோமீட்டர் நடக்க முடியாது. அதனால் அந்தச் சின்ன முடிச்சை விரலால் தேடிப் பிடித்து, அங்கிருந்து அளப்போம். “அதுதான் எங்க எல்லைக்கல்லு அய்யா. அது நகராது.” அளவு சரியாக வந்தால் மெதுவாக நடக்கலாம், இடுக்குப் பிள்ளையாரில் மட்டும் இனி நுழையக் கூடாது என்றார்.

எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியில்தான், பேச்சோடு பேச்சாக, அண்ணா சொன்ன சுகர் கதையைச் சொன்னேன். கற்கண்டுக்காகப் பயப்படுகிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்டீராய்டு உள்ளே போனால் சர்க்கரை தாறுமாறாக ஏறும், சுகர் இருக்கிறவர்களுக்கு அதைச் சும்மா கொடுக்கவே மாட்டோம் என்றார். அவர் முன்னால் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார்.

கம்பவுண்டர் என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிரசாதத்தை வெறும் வயிற்றில்தான் சாப்பிடுவோம். அவர் மட்டும் நன்றாகச் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னார். என் வயிறு புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. தன் சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. என் எலும்பு என்ன ஆகும் என்பதுகூடத் தெரிந்திருக்குமோ என்னவோ. அதை மட்டும் நான் அவரிடம் கேட்கவில்லை, இன்றுவரை. டாக்டர் போன பிறகு என் வீட்டுக்காரி, என்ன சொன்னார் என்று கேட்டாள். கால் சமமாக வரும் என்றார் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். தூங்க வைக்கவில்லை. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்தார்கள். முகத்துக்கு முன்னால் ஒரு பச்சைத் துணி. இடுக்குப் பிள்ளையாருக்குள் மாட்டிக்கொண்ட மாதிரியே இருந்தது, இந்தத் தடவை இழுத்துவிடக் கை இல்லை. ஐந்தெழுத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர் தன் கூட நின்றவரிடம், சின்ன முடிச்சு கைக்கு வருதா என்று கேட்டது காதில் விழுந்தது. வருது சார் என்றார் அவர். நல்லா தடவிப் பாரு, அதுதானானு. அதுதான் சார். அங்க இருந்து ஒரு விரல் மேல, அதுக்குக் கீழ போயிடாத. பிறகு ரம்பச் சத்தம். வெகுநேரம் கழித்து, சுத்தியல் சத்தமெல்லாம் முடிந்து, பந்தோட நடுவும் பெரிய முடிச்சோட உச்சியும் ஒரே மட்டத்துல நிக்குதா பாரு என்றார். நிக்குது சார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. தலைமாட்டில் நின்ற நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். முன்பின் தெரியாத இரண்டு பேர், நான் நொண்டாமல் நடக்க வேண்டும் என்று ஒரு விரல் அளவை இத்தனை தடவை சரி பார்க்கிறார்கள். நான் அண்ணா என்று கூப்பிட்டவரோ மூன்று வருஷம் பக்கத்தில் நடந்துகொண்டே என் எலும்பைச் சாகவிட்டார். இதை வலி என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது.

வெட்டி எடுத்த தலையை மறுநாள் டாக்டர் செல்போனில் காட்டினார். மேல்தோல், வேகவைத்த முட்டையின் ஓடு மாதிரி பெயர்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரி பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

ஒன்பதாம் நாள் அண்ணா என் வீட்டுக்கு வந்தார். சீப்பு வாழைப்பழம், ஒரு விபூதிப் பொட்டலம். பார்க்க வந்திருந்த அக்கம்பக்கத்துக்காரர்கள் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார்கள். எல்லோர் காதிலும் விழும்படி, தம்பி சாப்பிட்டது எத்தனையோ பேர் சாப்பிட்டதுதான், இது தம்பியின் பூர்வ ஜென்ம வினை, மலையான் இதோடு கழித்துவிட்டார் என்றார். என் மகளுக்குத் தட்டு மாற்றின கை, அந்தப் பொட்டலத்தை என் தலையணை ஓரம் வைத்தது. அவர் போன பிறகு என் வீட்டுக்காரி அதை எடுத்தாள். விபூதியைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. பின்பக்கம் செம்பருத்திச் செடியின் அடியில் கொட்டிவிட்டு, காகிதத்தை மட்டும் அடுப்பில் போட்டாள்.

வாக்கர், பிறகு ஊன்றுகோல், பிறகு வெறும் கால். ஏழாவது மாதம் டாக்டர் நடக்க வைத்துப் பார்த்தார். இரண்டு காலும் ஒரே அளவு. போய் வாருங்கள், முடியாவிட்டால் ஆட்டோ ஏறிவிடுங்கள் என்றார். அந்தப் பௌர்ணமி தனியாகக் கிளம்பினேன். ஒவ்வொரு லிங்கத்திலும் உட்கார்ந்து எழுந்தேன். ரோட்டின் இடது ஓரமாகவே போனேன். அதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான், ஆனால் அதை என்னால் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

அடி அண்ணாமலையில் அவர் பெஞ்சுக்கு முன்னால் வரிசை நின்றது. பதினைந்து பேர் இருக்கும். கடைசியில் ஒரு பூக்கார அம்மா, கூடையை இறக்கி வைத்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கால் நின்றுவிட்டது. அந்த அம்மாவிடம், எனக்கு இதைச் சாப்பிட்டுத்தான் இடுப்பெலும்பு போயிற்று, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்கு என்றேன்.

“சாமி குடுக்கறதப் போயி இன்னானு கேக்கச் சொல்றியே, நீயெல்லாம் பெரிய மனுஷனா?” என்றாள்.

என் வீட்டுக்காரியை நான் கேட்ட கேள்வி. அதே குரல்கூட. பெஞ்சிலிருந்து அண்ணா என்னைப் பார்த்துவிட்டார். வாய் நிறையச் சிரித்து, வா தம்பி என்றார். பிறகு வரிசையைப் பார்த்து, ஆபரேஷனுக்கு அப்புறம் தம்பிக்கு மனசு கொஞ்சம் சரியில்லை, நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார். இரண்டு பேர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

நான் பூக்கார அம்மாவிடம், உனக்குச் சுகர் இருக்கிறதா என்றேன். பத்து வருஷமாக இருக்குது என்றாள். அப்படியானால் அந்த ஒன்றை மட்டும் கேள், சுகர் இருக்கிறவர்கள் சாப்பிடலாமா என்று அவரையே கேள் என்றேன். அவள் முறை வந்தது. பொட்டலங்களைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றிக்கொண்டே, என்னை வாயடைக்கத்தான் கேட்டாள்.

“எனக்கு சுகர் கீது சாமி. சாப்பிட்லாமில்ல?”

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பதினாலு வருஷத்தில் அப்படி ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பிறகு கையை நீட்டி அவள் கையிலிருந்த பொட்டலங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“உனக்கு வாணாம்மா. அடுத்த தபா பாக்கலாம்” என்றார்.

அந்த அம்மா அழுதுவிட்டாள். கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கிடைக்கிறதைக் கெடுத்தாயே, நீ நல்லா இருப்பியா என்று என்னைத்தான் திட்டினாள். மற்றவர்கள் யாரும் வரிசையை விட்டு நகரவில்லை. அடுத்த ஆள் முன்னால் போய்க் கை நீட்டினான். அண்ணா அவனுக்குக் கொடுத்தார். இந்தத் தடவை என் பக்கம் பார்க்காமல் கொடுத்தார்.

வாயு லிங்கத்துக்கு வந்து கும்பிட்டேன். தட்டிலிருந்து விபூதி அள்ளி என் கையில் போட்டார்கள். நெற்றியில் இட்டுக்கொண்டேன். மீதியில் ஒரு சிட்டிகை நாக்கில் போடுவது சின்ன வயசிலிருந்து வழக்கம். கை உதடு வரைக்கும் போய் நின்றது. தட்டிலிருந்து நேராக வந்த விபூதி, எந்தக் காகிதத்திலும் மடிக்காதது. அது எனக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியவில்லை, அந்தக் கசப்பை எதிர்பார்த்துக்கொண்டு உள்ளே ஒடுங்கிக்கொண்டது. அப்பனே, உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று மலையைப் பார்த்துச் சொன்னேன். மீதி விபூதியை மார்பில் பூசிக்கொண்டு, இடது ஓரமாக, மெதுவாக நடந்தேன். இடுக்குப் பிள்ளையாரை வெளியே நின்றே கும்பிட்டேன்.